அளவு நோட்டில் உன் பக்கம்

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம், நீ நலமா என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவதுதான் என் வழக்கம், இன்றைக்கு அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டேன். நீ அந்த வீட்டில் இருந்த மூன்று வருடமும் இதைத்தான் கேட்டேன், நல்லாயிருக்கேம்மா என்று நீ சொன்னதும் அப்பாடா என்று பேச்சை மாற்றிவிடுவேன். இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். தூக்கம் வருகிறதா, கதவு தட்டினால் இன்னும் திடுக்கிடுகிறாயா, உள்ளதை உள்ளபடி எழுது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணுக்கு ஓவர்டைம், பேப்பரை ஒரு வரி விடாமல் படித்து எனக்கும் வாசித்துக் காட்டி உயிரை வாங்குகிறார், சொட்டு மருந்து விடப் போனால் மட்டும் வீடு முழுக்க ஓடுகிறார். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது.

சரி, இதையெல்லாம் எழுதுவது அந்த விஷயத்தைத் தள்ளிப்போடத்தான் என்று உனக்கே தெரிந்திருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாய், மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கேட்டுப் போட்டிருக்கிற வழக்கில் எனக்காக சாட்சி சொல்ல வருவியாம்மா என்று. எனக்கு என்னடி தெரியும், நான் என்னத்தப் பாத்தேன் என்றேன். அதோடு விட்டேனா, அதான் விவாகரத்து ஆயிடுச்சே, இனிமே அவங்க பணத்த வாங்கி என்ன பண்ணப்போற, விட்டுத் தொலையேன் என்றும் சொன்னேன். நீ கோபப்படக்கூட இல்லை. பணத்துக்காக இல்லம்மா, எனக்கு நடந்தது நடந்ததுதான்னு யாராவது ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையாகவே வைத்துத் தைத்துவிட்டேன், நம் கடையில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற அக்கா அதைப் பார்த்துச் சிரிக்காமல் பிரித்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் பரணில் இருந்த பழைய அளவு நோட்டுகளை இறக்கினேன். உன் பக்கத்துக்கு மேலே பெயருக்குப் பதில் வாலு என்றுதான் எழுதியிருக்கிறது. சின்ன வயதில் உனக்கு அளவெடுப்பது பூனையைக் குளிப்பாட்டுகிற வேலை, டேப்பை இழுத்துக்கொண்டு மெஷினைச் சுற்றி ஓடுவாய். கல்யாணம் வரைக்கும் உன் சட்டைக்குக் கை எட்டு அங்குலம்தான், அதற்கு மேல் ஒரு நூல் போனாலும் கத்துவாய். கல்யாணமாகி நான்காவது மாதம் கை முழுசா வேண்டும், இருபத்தொன்று என்று எழுதியிருக்கிறேன். ஆபீஸில் ஏசி குளிர்கிறது என்றாய், நம்பிக்கொண்டேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அடுத்த தடவை இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது. டேப் பழசாகி இழுபட்டுப்போனால் அளவைக் குறைத்துத்தான் காட்டும், அதனால்தான் என்று அன்றைக்கே போய்ப் புது டேப் வாங்கி வந்தேன். புது டேப்பும் அதையேதான் காட்டியது. டேப்பைச் சந்தேகப்பட்ட எனக்கு மாப்பிள்ளையைச் சந்தேகப்படத் தோன்றவில்லை பார்.

கடைசி வரியை விரல் வைத்துப் படித்தேன். வலது கை தூக்க வரவில்லை, தலைவழியே மாட்டுவது வேண்டாம், முன்பக்கம் பட்டன் ஆறு. என் கையெழுத்து, என் பென்சில். அன்றைக்குத் தோளில் டேப் பட்டதும் நீ சுருங்கிப்போனாய், ஆடாம நில்லு, அளவு தப்பிடும் என்று அதட்டினேன். நீ போன பிறகு காஜா அக்கா கிட்டே வந்து, பொண்ணு தோளெல்லாம் கறுத்துப்போயிருக்கு, என்னன்னு கேட்டீங்களா என்றாள். உன் வேலையப் பாரு என்று அவள் வாயை அடைத்தேன். அப்புறம் அந்த ஆறு பட்டனையும் நானே உட்கார்ந்து தைத்தேன், வரிசை எவ்வளவு நேராக வந்திருக்கிறது பார் என்று உனக்கே காட்டினேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னது பொய் கண்ணு. தெரியும். வாய் திறந்து கேட்டால் நீ சொல்லிவிடுவாய், சொல்லிவிட்டால் உன்னை அழைத்துக்கொண்டு வர வேண்டும், அழைத்து வந்தால் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பயந்தேன். சம்பந்தியம்மா என் கடையில்தான் துணி தைக்கக் கொடுப்பார், அவர் நாலு பேர் முன்னால் என்னிடம் சிரித்துப் பேசுவது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது வெட்கத்தில் கை கூசுகிறது.

நோட்டை எடுத்துக்கொண்டு உன் வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை, போலீஸ் புகார் இல்லை, பெற்ற தாய்க்கே தெரியாமல் என்ன பெரிய மன உளைச்சல் என்று எதிர்ப்பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். என்னை வைத்தே உன்னைப் பொய்க்காரி ஆக்கப் பார்க்கிறார்கள் என்றதும் நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். அந்த அம்மாள் உன் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, இத வச்சே கேஸ் ஜெயிச்சிடும்னு சொல்ல மாட்டேன், ஆனா ரொம்ப உதவும் என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, கூண்டுல ஏறினா இவ்வளவு தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்கன்னு உங்களத்தான் கிழிப்பாங்க, பரவாயில்லையா என்று கேட்டார். கிழிக்கட்டும், என் பொண்ணு கேக்காததயாவது அவங்க கேக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னால் அப்பா ஊர் பேசுமே என்பார் என்று நினைத்தேன். பென்சில் எழுத்து தெரியவில்லை என்று உன் பக்கத்தை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவ வந்தன்னைக்கு நானும் வீட்லதான இருந்தேன், நானும் கேக்கலயே என்று மட்டும் சொன்னார். மழையில் நனையக்கூடாது என்று நோட்டுக்கு இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருக்கிறார், கோர்ட்டுக்கு அவரும் வருகிறாராம்.

விசாரணை அடுத்த மாதம் பதினான்காம் தேதி. நீ இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு, பயணத்தில் ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார், வெறும் வயிற்றோடு கிளம்பாதே. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் உடனே சரிம்மா என்று சொல்லிவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும், அதனால் இப்போது கேட்கவில்லை. முதலில் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டு வருகிறேன். உன் மனசு ஆற வேண்டும், பயமில்லாமல் நீ தூங்கி எழ வேண்டும், அப்பாவும் நானும் உனக்குச் சொல்லுகிற வாழ்த்து இவ்வளவுதான்.

சொல்ல மறந்துவிட்டேன், கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்ளத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். நோட்டில் உனக்கு ஒரு புதுப் பக்கம் பிரித்திருக்கிறேன், வந்ததும் அளவெடுக்க வேண்டும். கை எட்டா இருபத்தொன்றா என்பது உன் இஷ்டம். நீ எவ்வளவு வேண்டுமானாலும் ஆடிக்கொண்டே நில், அளவு தப்பினால் பிரித்துத் தைத்துக்கொள்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா