உன் அப்பா வாங்கப் பார்த்த நீல பிக்கப்

லிண்டால், கேன்சஸ்
மார்ச் 9

அன்புக் கண்ணு மார்லிஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம், தரையில் மண்டியிட்டு எழுந்தால் இடது முழங்கால் மட்டும் நானும் இருக்கிறேன் என்கிறது, மற்றபடி குறை ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளை டோபினும் அந்த அலாஸ்காவின் டோக் ஊர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன வாரம் போனில் "ஏம்மா கொரல் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டாய், காற்றில் புழுதி என்றேன். புழுதி இருந்தது உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. போனில் சொல்லத் தொடங்கினால் நீ நடுவில் நாலு கேள்வி கேட்பாய், நான் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால்தான் கடிதம். கொஞ்சம் நீளும், டீயோ காபியோ போட்டுக்கொண்டு உட்கார்.

இங்கே மழை இல்லை, கோதுமை கணுக்கால் உயரத்தில் நின்றுவிட்டது, எல்லோரும் வானத்தையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஷோரூம் சர்வீஸ் வேலையை விட்ட பிறகு கொஞ்சம் ஓய்வாக இருக்கலாம் என்று பார்த்தேன், எங்கே! புது பிக்கப்போ பழைய பிக்கப்போ, இந்தப் பக்கத்தில் வாங்குகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். இப்போது வரும் புது வண்டிகளை நீ பார்க்க வேண்டும், பானெட் என் முகவாய் உயரம், உள்ளே ஏற ஏணி வேண்டும், விலையைக் கேட்டால் ஏணியே வேண்டாம், நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம். போன மாதம் தபால் அலுவலகத்துப் பெண் ஒருத்தி அப்படி ஒன்றை வாங்கக் கிளம்பினாள். "எதுக்கும்மா, அதுல என்ன ஏத்தப்போறே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு "நாயி" என்றாள். சிறிய வண்டியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை போன் அடித்தது. எடுத்தால், "ஆர்டித், நான் ட்ரூடி பேசறேன், தயவுசெஞ்சு போனை வெச்சுடாதீங்க" என்கிறாள். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு ஆறு வருஷமாகியும் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் பேசினதில்லை, கடையில் எதிரே வந்தால் இருவரும் தக்காளியைப் பார்ப்போம். வைக்கவில்லை. அவள் சொன்னாள், வெர்லின் ஒரு பிக்கப் மேல் ஆசை வைத்திருக்கிறார், அடுத்த கவுண்டியில் பழைய வண்டி விற்கும் இடத்தில் நிற்கிறது, நீல நிறம், ஆறு வயசு, நாலு கதவு, ஓடின மைலும் குறைவு, விலையும் குறைவு, ஆனால் தனக்கு மனசு ஒப்பவில்லை, அவருக்குத் தெரியாமல் ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா என்று. "அவரு இரும்பு வேல தெரிஞ்சவர்தானே, அவரே பாக்கட்டுமே" என்றேன். "ஆசப்பட்ட மனுஷன் அடியில குனிஞ்சு பாப்பாரா?" என்றாள். அந்தப் பதிலுக்காகவே போனேன் என்று வைத்துக்கொள்.

மறுநாள் காலை அங்கே போய் நின்றேன். ட்ரூடி எனக்கு முன்னாலேயே வந்து, முட்டைக்கோசும் கறியும் உள்ளே வைத்த பீராக் ரொட்டி ஒரு தட்டு நிறையச் சுட்டுத் துணி போட்டு மூடிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், வண்டி பார்க்க வந்தவள் மாதிரியே இல்லை, சாவு வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். விற்கிறவன் சின்ன வயசுக்காரன், வாய் நன்றாக ஓடும். நான் முதலில் பானெட் மேல் கையை வைத்தேன், சூடு. நான் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டிருக்கிறான். குளிர்ந்த எஞ்சின் சொல்கிற குறையைச் சூடான எஞ்சின் சொல்லாது, அதை மனசில் போட்டுக்கொண்டேன். இந்த வண்டி எதையும் இழுத்ததே இல்லை என்றான், பின்னால் கொக்கி மாட்டுகிற துவாரத்தின் உள்பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது. அதையும் போட்டுக்கொண்டேன். பிறகு அட்டையை விரித்து அடியில் படுத்தேன். சேசிஸ் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயிண்ட், மை மாதிரி. ஆறு வயசு வண்டிக்கு அடிவயிற்றில் எதற்கு அலங்காரம்? காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் வடக்கே பெரிய ஏரிகளின் பக்கம் நாலு குளிர்காலம் ஓடின வண்டி, அங்கே பனிக்கு ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள், அது அடி இரும்பைத் தின்றுவிடும். சுத்தியலை எடுத்துத் தட்டினேன். முன்னால் நல்ல இரும்பு ணங் என்றது. பின்னால், பட்டை ஸ்பிரிங் வந்து சேருகிற இடத்தில், ஈர மரத்தைத் தட்டின மாதிரி தொப் என்றது. "ஏம்மா, வண்டி வாங்க வந்தீங்களா ஒடைக்க வந்தீங்களா?" என்று அந்தப் பையன் மேலேயிருந்து கேட்டான். வெளியே வந்து ட்ரூடியிடம் சொன்னேன், பாரம் இழுக்க இது உதவாது, ஒருநாள் ஏற்றத்தில் பின்பாதி கையோடு வந்துவிடும் என்று. அவள் தட்டை வண்டி மேலேயே வைத்துவிட்டாள். "நான் சொன்னா கேக்கமாட்டார், நீங்க சொன்னா சுத்தமா கேக்கமாட்டார்" என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, உன் அப்பா வந்து இறங்கினார். அன்றே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போக வந்திருக்கிறார், சவரம் எல்லாம் செய்துகொண்டு. பழைய மனைவியும் புது மனைவியும் ஒரே வண்டிக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்த மனுஷனின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ட்ரூடி மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். அவருக்குக் கோபம் அவள் மேல் வரவில்லை, என் மேல் வந்தது. "ஏ ஆர்டித், நான் தொட்ட எதையாவது நீ நல்லதுன்னு சொல்லியிருக்கியா? என் ஆயுசுல ஒரு தடவ? வீடு வாங்கினா குத்தம், மாடு வாங்கினா குத்தம், வேலைய மாத்தினா குத்தம். இப்ப எவ்வளவோ வருஷம் கழிச்சு இதுக்கும் வந்து நிக்கிற" என்றார். விற்கிறவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறான். பதில் சொல்ல வாய் வரைக்கும் பத்து வந்தது. ஆனால் கண்ணு, அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒன்றைக்கூட நல்லது என்று நான் சொன்னதாக எனக்கும் ஞாபகம் வரவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு சுத்தியலையும் ஸ்க்ரூடிரைவரையும் அவர் கையில் கொடுத்து, "நான் சொல்றத நம்ப வேணாம், நீங்களே படுத்துப் பாருங்க, பின்னால் வலது பக்கம்" என்றேன்.

முனகிக்கொண்டே படுத்தார். வெளியே பூட்ஸ் இரண்டு மட்டும் தெரிந்தது. ஒரு தட்டு, இன்னொரு தட்டு. பிறகு ஸ்க்ரூடிரைவர் போகிற சத்தம், கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது, துருப் பொடி சலசலவென்று அவர் சட்டை மேல் கொட்டுகிறது. நாற்பது வருஷம் வெல்டிங் பிடித்த கை, அதற்கு மேல் யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அவர் வெளியே வரவில்லை, அப்படியே கிடந்தார். எனக்குப் பயமாகிவிட்டது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டாரோ என்று குனிந்தேன். மேலே பார்த்துக்கொண்டே சொல்கிறார், "டோக் வரைக்கும் போகலாம்னு நெனச்சேன், ஆர்டித். படுத்துத் தூங்கற கேம்பரைப் பின்னால மாட்டிக்கிட்டு." "டோக்ல என்ன இருக்கு?" என்று, தெரிந்துகொண்டே கேட்டேன். "பொண்ணு இருக்கா" என்றார். நான் எழுந்து நின்றேன். ட்ரூடி எங்கோ தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வேறு வண்டி தேடும் வேலை என் தலையில் விழுந்தது, நானாக எடுத்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம். சனிக்கிழமை மூன்று பேருமாகப் புது வண்டி பார்க்கப் போனோம். விற்கிறவர் கோட்டு மாட்டிக்கொண்டு "பதினோராயிரம் பவுண்டு இழுக்கும் சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், உன் அப்பா மயங்கிக்கொண்டிருக்கிறார். நான் டிரைவர் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கிற சீட்டைக் காட்டினேன். ஆளும் சாமானும் சேர்த்து இந்த வண்டி முதுகில் சுமக்கக்கூடியது ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்தான். கேம்பரை மாட்டினாலே அதன் மூக்கு ஆயிரத்து நூறு பவுண்டு பின்னால் உட்காரும். மிச்சம் நானூற்றுச் சொச்சத்துக்குள் உன் அப்பா, ட்ரூடி, கருவிப்பெட்டி, தண்ணீர் எல்லாம் அடங்க வேண்டும். இழுப்பது வேறு, சுமப்பது வேறு, விளம்பரத்தில் முதலாவதை மட்டும்தான் பெரிதாக எழுதுவார்கள். கூட்டிப் பார்க்க எடை கேட்டால் ட்ரூடி சொல்ல மறுத்துவிட்டாள், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நாலாக மடித்து என் கையில் மட்டும் கொடுத்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லப்போவதில்லை. கணக்கு உதைத்தது என்பது மட்டும் போதும்.

கடைசியில் கிடைத்தது ஆல்ஃபன்ஸ் வெயிகல் என்கிற கோதுமை விவசாயியின் வெள்ளை பிக்கப். ஒன்பது வயசு, கொஞ்சம் கனத்த ரகம், அடிப்பாகம் தவிட்டு நிறத் துருப்பொடி லேசாகப் படிந்து வயசுக்குத் தகுந்த மாதிரி நேர்மையாக இருந்தது. அவரே முதலில் குறையைச் சொல்லிவிட்டார், "வலது பக்கக் கண்ணாடிய எறக்கிடாதீங்க, மறுபடி ஏறாது, கதவுல இருக்கறது பசு ஒதச்ச பள்ளம், அதுக்கு நானும் வெல கொறைக்கல, பசுவும் மன்னிப்புக் கேக்கல" என்றார். பானெட்டைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. ஓட்டிப் பார்க்க மூன்று பேரும் முன் சீட்டிலேயே ஏறினோம், நான் ஓட்ட, ஜன்னல் பக்கம் உன் அப்பா. ட்ரூடி "நடுவுல நான் இருக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்து முடியவில்லை, உன் அப்பாவும் சிரித்தார். முன் சக்கரத்துப் பால் ஜாயிண்ட் இரண்டும் ஆட்டம், டயர் பார்க்க நன்றாக இருந்தாலும் வயசானது, மற்றபடி குறை இல்லை. இறங்கி, "நல்ல வண்டி, வெர்லின். வாங்குங்க" என்றேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஆல்ஃபன்ஸிடம் விலை பேசப் போனார்.

பால் ஜாயிண்டை என் கொட்டகையிலேயே மாற்றினோம், போன செவ்வாயும் புதனும். அப்போதுதான் சொன்னார், ஜூன் பத்துக்குப் புறப்படுகிறார்களாம், உனக்குச் சொல்லாமல் வாசலில் வந்து நிற்கப்போகிறார்களாம், முன்னால் சொன்னால் நீ வராதே என்றுவிடுவாய் என்று பயம். "மார்லிஸ்கிட்ட மூச்சு விடாதே" என்றார். நான் தலையாட்டினேன். இதோ விடுகிறேன். நாலு வருஷம் பேசாத அப்பா திடீரென்று வாசலில் நின்றால் உனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன், கதவைத் திறப்பதா வேண்டாமா என்று நினைக்க உனக்கு நேரம் வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று. உன் கல்யாணத்துக்கு ட்ரூடியைக் கூட்டி வராமல் நீங்கள் மட்டும் வாருங்கள் என்று அப்பாவுக்கு நீ எழுதினாய், அவர் வரவே இல்லை, அதோடு நீ அவரை விட்டுவிட்டாய். கண்ணு, அவர் வந்தார். சர்ச்சுக்கு எதிரே தானியக் கிடங்கு ஓரமாக அவருடைய பழைய சிவப்பு பிக்கப் நின்றது. வண்டிகளைப் பார்த்தே பிழைக்கிறவள், எனக்குத் தெரியாமல் போகுமா? தனியாக, டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் படியில் நிற்பதைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினார், வரட்டுமா என்று கேட்பது போல. நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். பின்னறையில் நீ "அம்மா, அப்பா வந்தாச்சா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். போன புதன்கிழமை சக்கரத்தை மாட்டிக்கொண்டே அவர் கேட்டார், "அன்னிக்கு என்னப் பாத்தே இல்ல?" பார்த்தேன் என்றேன். "எறங்கி வந்திருக்கணும் நான். கால் வரல. அத ஒன் மேல போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு நட்டை முறுக்கினார். அவர் போடாவிட்டால் என்ன, நான் போட்டுக்கொண்டேன். இந்த நாலு வருஷமும் நீ தப்பான ஆள் மேல் கோபமாக இருந்திருக்கிறாய்.

அவர்கள் வருவது வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எனக்கு எழுது, அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், காரணம் நான்தான் என்றே சொல்லிக்கொள்கிறேன். வரட்டும் என்றால் அதையும் எழுது. என்னிடம் கொஞ்ச நாள் பேசப் பிடிக்கவில்லை என்றால் அதுவும் நியாயம், டோபினிடம் சொல்லி நீ நன்றாக இருக்கிறாய் என்று மட்டும் ஒரு வரி போடச் சொல். ட்ரூடி நல்லவள், பேச்சில் சூடு இருக்கிறது, உனக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிறது, நான் இப்படி எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுசோடு ஒற்றுமையாக இருக்க வேண்டும், அந்த வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்க வேண்டும், கடவுள் துணை. மே மாதக் கடைசிக்குள் பதில் போட்டுவிடு, தபால் அங்கிருந்து வர எட்டு நாள் பிடிக்கிறது, அவர் பத்தாம் தேதி சாவியைத் திருப்பிவிடுவார்.

எத்தனை கோபம் இருந்தாலும் உன்னுடைய,
அம்மா ஆர்டித்