பதினேழாம் நம்பர் வாளி

இன்று காலை உன் வாளியின் மூடியைத் திறந்தேன். எத்தனையோ தடவை புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்தாகிவிட்டது. பிளாஸ்டிக் விடுமா? புளித்த இட்லி மாவு வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. மூடியில் நீ சிவப்புப் பெயிண்டால் எழுதிய 17 இன்னும் அழியவில்லை. வீட்டுக்கு ஒரு வாளி, மூடியில் அந்த வீட்டு நம்பர், நேற்றைய காலி வாளியை வாங்கிக்கொண்டு இன்றைய மாவைக் கொடுப்பது. எங்கள் காலனியில் உன் பெயரை மறந்தவர்கள்கூட உன் வாளியை மறக்கவில்லை.

நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு வேறு வேலை ஓடாது. சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நீ போன பிறகு நான் பைபாஸைக் கால்நடையாகக் கடக்கவே இல்லை. மாடியில் துணி காயப்போட ஏறினால் எதிர்ப்பக்கம் உன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனால் லாரி ஹாரன் கேட்டாலே பிடித்த துணி கீழே விழுகிறது. மருமகள் பிரஷர் பார்க்கச் சொல்கிறாள். பிரஷருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நாங்கள் இங்கே வீடு கட்டி வந்தபோது சாலை ஏற்கெனவே வந்திருந்தது. "எங்க கழனிக்கு நடுவாலதான் ரோடு பூந்துச்சு. ஊடு அந்தாண்ட, கெணறு இந்தாண்ட" என்று நீதான் சொன்னாய். ரேஷன் கடையும் ஆஸ்பத்திரியும் உங்கள் ஊர்ப் பக்கம். பள்ளிக்கூடமும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பஸ் நிற்கிற இடமும் எங்கள் பக்கம். சாலையின் நடுச்சுவரில் இரண்டு பேர் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி. அதை யார் உடைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, கேட்டதும் கிடையாது.

அங்கே தனியாக யாரும் கடக்க மாட்டார்கள். ஏழெட்டுப் பேர் சேரும்வரை காத்திருந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மொத்தமாக இறங்குவோம். வண்டி வருகிற பக்கம் நிற்பவர் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். பெரும்பாலும் அந்தப் பக்கம் நிற்பது நீதான், முழங்கையில் வாளிகளை மாட்டிக்கொண்டு. முதல் நாள் என் கால் பின்னிக்கொண்டபோது என் மணிக்கட்டைப் பிடித்தாய். "இன்னாக்கா, இப்டி நடுங்கிகினு கீற? ஓடாத. ஓடுனாதான் உழுவ. நட."

அப்புறம் அங்கே கடக்கும்போது வண்டி மோதிப் பால்காரப் பெரியவருக்குக் கால் போயிற்று. காலனியில் கூட்டம் கூடியது. பத்து வருஷம் ஆபீஸில் தட்டச்சு வேலை பார்த்தவள் என்று என்னிடம் மனு எழுதக் கொடுத்தார்கள். எனக்கும் அதில் ஒரு திமிர். 'ஆபத்தான இந்த இடைவெளியை உடனடியாக அடைத்து, பொதுமக்கள் பாதுகாப்பாகக் கடக்க மாற்று வழி அமைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்' என்று எழுதி உன்னிடம் படித்துக் காட்டினேன்.

நீ வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாய். "மொதல்ல வழி குட்த்துட்டு அப்பால அடைக்கச் சொல்லுக்கா" என்றாய்.

"மனுவுக்கென்று ஒரு முறை இருக்கிறது, உனக்குத் தெரியாது" என்றேன். அந்த வார்த்தை இப்போதும் என் வாயில் கசக்கிறது. நீ சிரித்துக்கொண்டே, எழுத்து எழுத்தாக, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாய்.

நான் கேட்டதில் முதல் பாதியை ஒரு வாரத்தில் செய்துவிட்டார்கள். இடுப்புயர இரும்புத் தடுப்பு, பற்றவைத்தே விட்டார்கள். இரண்டாவது பாதி எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியாது. வண்டிகள் திரும்புகிற இடத்துக்குப் போய்ச் சுற்றி வந்தால் உன் மாவு வெயிலில் பொங்கிவிடும். அதனால் நீ தடுப்பில் ஏறத் தொடங்கினாய். வாளிகளை முதலில் அந்தப் பக்கம் வைப்பாய், சேலையைச் சொருகுவாய், அப்புறம் காலைத் தூக்கிப் போடுவாய். தினமும் மாடியிலிருந்து பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. எனக்கு ஏழு மணிக்கு மாவு வேண்டுமே.

அன்றைக்கு ஏழரை ஆகியும் நீ வரவில்லை. லாரி மோதி விழுந்த உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றியவர்களில் ஒருவர், மூடியில் நம்பரைப் பார்த்து விசாரித்து, இந்த வாளியை என் வாசலில் கொண்டுவந்து வைத்தார். மூடி கழலவில்லை. ஒரு சொட்டு மாவு சிந்தவில்லை.

நேற்று உங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் சாலை பற்றிக் கருத்துக் கேட்கிற கூட்டம். இரண்டு பக்கத்தையும் மறுபடி சேர்ப்பதற்குத் திட்டம் போடுகிறார்களாம். வாளியை உன் மகளிடம் கொடுத்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டேன். ஆட்டோவில் ஊரைச் சுற்றிப் போய் இறங்கினேன். என் மனு அவர்கள் ஃபைலில் இருக்கும். அதை எழுதியது யார் என்று உன் மகளுக்குத் தெரியாது.

அதிகாரி சின்ன வயதுப் பெண், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "இதுவரைக்கும் எத்தனை வண்டி போகுதுன்னுதான் எண்ணியிருக்கோம். நடக்கிறவங்களை எண்ணவே இல்ல, அது எங்க தப்பு" என்று அவரே சொன்னார். பஸ் ஸ்டாப் பக்கம் நடைமேம்பாலம் போடலாமா என்று கேட்டார். எஸ்டேட்டில் வேலை செய்கிற ஒருத்தி எழுந்து, "அவ்ளோ படி ஏறி எறங்கறதுக்குள்ள கம்பெனில கேட்டை சாத்திடுவான் மேடம்" என்றாள். "அப்ப அந்தத் தடுப்பை ஏன் போட்டீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "நீங்க குடுத்த மனுதாங்க" என்று வாசித்தார். என் வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். "எவன் எழுதுனது இத?" என்று யாரோ கேட்டார்கள். உன் மகள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உண்மையைச் சொல்கிறேன், உட்கார்ந்துவிடத்தான் நினைத்தேன். மடியில் உன் வாளி இருந்தது.

எழுந்து, "நான்தான் எழுதினேன்" என்றேன். நீ சொன்னதையும், நான் கேட்காததையும் சொன்னேன். பிறகு ஒரு தாள் வாங்கி அங்கேயே எழுதினேன். படி இல்லாமல், சரிவாக இறங்கி ஏறுகிற சுரங்கவழி முதலில் வேண்டும். அது திறக்கும்வரை தடுப்பை எடுத்துவிட்டு சிக்னலும் காவலரும் வேண்டும். சுரங்கவழியில் மக்கள் நடக்கத் தொடங்கிய பிறகே எதையும் அடைக்கலாம். நீ சொன்ன வரிசைதான். அதிகாரி வாங்கிக்கொண்டார். வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் வந்து நடப்பவர்களை எண்ணுவதாக மட்டும் சொன்னார். மனுவைப் படிக்காமல் போட்டுவிடுவார்களோ என்று மற்றவர்களுக்குப் பயம். எனக்குப் பாதியைச் செய்துவிடுவார்களோ என்று பயம்.

உன் மகள் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். முதல் கையெழுத்து அவள் போட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் வாளியை நீட்டினேன். மூடியில் இருந்த நம்பரை விரலால் தடவினாள், வாங்கவில்லை.

"ஆட்டோல வந்து குடுக்காதீங்க ஆன்ட்டி" என்றாள். "வழி தொறக்கட்டும். நீங்களே நடந்து வந்து குடுங்க."

மன்னித்தாளா, தண்டித்தாளா, எனக்குத் தெரியவில்லை. அவள் உன் மகள், நீயே கண்டுகொள்.

வாளியைக் கழுவி மறுபடி வாசலில் வைத்திருக்கிறேன். அந்த வழி திறக்காமலே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. திறந்தால் அந்த முதல் நாள், என் மணிக்கட்டைப் பிடிக்க நீ இல்லாமல் எப்படி இறங்குவேன் என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. ஓட மாட்டேன். நடந்தே வருவேன்.