பாணமையில் ஒரு பகல் சாப்பாடு

ஏப்ரல் 24, பெந்தோட்டை

இந்த முறை நான் வழிகாட்டிப் போகும் விருந்தினர் இருவர். டென்மார்க்கிலிருந்து நீல்ஸ், அவர் மனைவி கிர்ஸ்டன். இருவருக்கும் எழுபது தாண்டியிருக்கும். பதினான்கு நாள், தென்மேற்குக் கரையில் தொடங்கிக் கிழக்கில் முடிகிற பயணம். அவசரமே கூடாது என்பதற்குத்தான் அவ்வளவு விலை.

இங்கே சீசன் முடிகிறது. கடல் கலங்கி முழங்கிக்கொண்டிருக்கிறது. கிழக்கில் இப்போதுதான் அடங்கித் தெளிந்திருக்கும். ஹோட்டல் ஆட்களில் பாதிப் பேர் கடலைப் பார்த்துக் கரை மாறுகிறவர்கள் — அப்பாவைப் போல. புத்தாண்டுச் சோறு உண்ட மறுநாளே கிழக்கே அறுகம் குடாவுக்கு ஹோட்டலில் சமைக்கப் போய்விட்டார். இனி அக்டோபரில்தான் வருவார்.

"அந்தப் பக்கம்தானே போறே, அப்பாவ ஒரு எட்டு பாத்துட்டு வா. இதுதான் கடைசி சீசன்னு அவர் வாயால சொல்ல வை" என்றாள் அம்மா. இருபத்தேழு வருடமாக அவளுக்கு ஆண்டில் பாதிதான் கணவன்.

அப்பாவிடம் கேட்டால், "வேலைக்காரங்களப் பாக்க ஆளு வந்தா மேனேஜருக்குப் பிடிக்காது, புள்ள." சொல்லாமல் போய் நிற்கப்போகிறேன்.

ஏப்ரல் 27, தங்காலை

காலை உணவு மட்டும் மூன்று மணி நேரம். டிரைவர் லயனல் அண்ணன் காரைத் துடைத்துத் துடைத்து அலுத்துவிட்டார். "இவங்க முட்டைய சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள கோழி அடுத்தத போட்டுடும் மிஸ்." எனக்கு அது வசதி. நூறு பக்கம் படித்தேன்.

ஏப்ரல் 30, பாணமை

எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் நடந்தது என்று நம்புவேன்.

எங்கள் சுற்றுலா நிறுவனம் இந்த வருடம் புதிதாகச் சேர்த்தது: அறுகம் குடாவுக்குப் பக்கத்து ஊரான இங்கே, ஒரு வீட்டில் பகல் சாப்பாடு. வீட்டுக்காரி சீலவதி வாசலுக்கே வந்து அழைத்துப் போனாள். அவள் மகள் தில்ருக்ஷி இளநீர் கொண்டுவந்தாள். வாங்கும்போது சுவரைப் பார்த்தேன். புத்தாண்டுப் படம். வீட்டுக்குப் பெரியவர் எல்லார் தலையிலும் எண்ணெய் வைக்கிற சடங்கு. தில்ருக்ஷி குனிந்து நிற்கிறாள். அவள் உச்சியில் எண்ணெய் வைக்கிறவர் என் அப்பா.

எங்கள் வீட்டில் எண்ணெய் வைப்பது மாமா. அந்த நல்ல நேரம் வருவதற்குள் அப்பா ஒவ்வொரு வருடமும் கிளம்பியிருப்பார். சோறு எங்களோடு, எண்ணெய் இங்கே. ஒரு பண்டிகையை எவ்வளவு கச்சிதமாகப் பிரித்திருக்கிறார்.

"எங்க வீட்டுக்காரர் மிஸ். ஹோட்டல்ல குக். இன்னைக்கு லீவு, அவரேதான் சமைக்கிறார்" என்றாள் சீலவதி. "ஆறு மாசம் தென்மேற்குக் கரைக்கு, காலிப் பக்கம் போயிடுவார். வந்தா சமையலறைய எனக்கு விட மாட்டார்."

மீன் சட்டியோடு பின்பக்கமிருந்து வந்தார். என்னைப் பார்த்தார். சட்டி கை நழுவவில்லை. மெதுவாகப் பாய்மேல் இறக்கி வைத்தார்.

"வாங்க மிஸ்."

மிஸ்.

நான் கை கூப்பினேன். அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

எத்தனை வருடமாகச் சமைக்கிறார் என்று நீல்ஸ் கேட்டார். சிங்களத்தில் கேட்டு ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு கிர்ஸ்டன், எத்தனை பிள்ளைகள் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். என் வாயால், என் அப்பாவிடம்.

சீலவதி முந்திக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணுதான். முப்பத்தொரு வயசு, கல்யாணம்னா காத தூரம் ஓடுது."

"மிஸ் சாப்பிட வந்திருக்காங்கம்மா, தரகுக்கு இல்ல" என்றாள் தில்ருக்ஷி.

நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி அவருக்கு. மீன் துண்டை என் தட்டில் வைத்தபடி, ஆமாம் என்று தலையசைத்தார்.

'ஒரு மகள்' என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் சரியாகத்தான் வந்தது.

புளிப்புக்குக் கொறுக்காய் போட்ட மீன். வீட்டு ருசி. எந்த வீட்டு?

மே 1

அவளுக்கு முப்பத்தொண்ணு. எனக்கு இருபத்தாறு. அப்போ யாரு முதல்ல? நாங்கதானா — நாங்கதான் அந்தக் காலிப் பக்கத்து ஆறு மாசமா?

மே 3, பாசிக்குடா

இடுப்பளவுத் தண்ணீரிலேயே வெகுதூரம் நடந்து போகலாம், அவ்வளவு அமைதி. விருந்தினர் கடலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் ஏழாவது அழைப்பை எடுத்தேன்.

"அம்மாகிட்ட சொல்லிடாத புள்ள. அவ தாங்க மாட்டா."

"யாரு?"

"என்ன யாரு?"

"ரெண்டு பேர்ல யாரு தாங்க மாட்டாங்க, அப்பா?"

வைத்துவிட்டார்.

மே 8, பலப்பிட்டிய

வீட்டுக்குள் நுழைந்ததுமே, கடைசி சீசன் என்று அப்பா சொன்னாரா என்று அம்மா கேட்டாள். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அம்மா அடுப்பை அணைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு."

என் வயதைக் கேட்கவில்லை. சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அப்ப நான்தான் பின்னால வந்தவ" என்றாள்.

ஜூன் 19

வழிகாட்டி உரிமம் புதுப்பிக்கிற படிவம். 'தந்தையின் நிரந்தர முகவரி' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அம்மா என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாணமைன்னு எழுது" என்றாள். "நோட்டீஸ் அனுப்ப வக்கீலுக்கும் அந்த விலாசத்ததான் குடுத்திருக்கேன்."

எழுதினேன். மை காயும்வரை அங்கேயே நின்றாள்.