பாட்டு வைக்காத தையல் கடை

அக்கா,

இன்று காலை பொம்மிடி ரயில் நிலையத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடை வானொலியில் ஒருவர் கறையான் புற்றுக்குள் காற்று எப்படிப் போய் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டீக்கடை அண்ணன் பாட்டு தேடி அலைவரிசையை மாற்றக் கை நீட்டினார். "அண்ணா, மாத்தாதீங்க" என்றேன். "இதையாங்க கேக்கறீங்க?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். உங்கள் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் உங்களை அப்படித்தான் பார்த்தார்கள்.

அரூரில் வேலை கிடைத்து, கம்பைநல்லூரில் உங்கள் தையல் கடையின் மாடி அறைக்கு நான் குடிவந்தபோது, கீழிருந்து ஓயாமல் ஆண் குரலும் பெண் குரலும் மாறி மாறிக் கேட்டன. கூட்டுக் குடும்பம் போல என்று நினைத்தேன். இறங்கி வந்து பார்த்தால் நீங்களும் மெஷினும் வானொலியும் மட்டும்தான்.

ரவிக்கை தைக்கக் கொடுத்த பெண் ஒருத்தி சலித்துக்கொண்டாள். "அக்கோவ், ஒரு பாட்டு வையேன். எந்நேரமும் எவனாவது பேசிக்கிட்டே கெடக்கறான்."

"பாட்டு வெச்சா காலு அது போக்குல ஓடுது. உன் ரவிக்கையும் கூடவே கோணிக்கிட்டுப் போவும், பரவால்லையா?"

விடுமுறை நாட்களில் புத்தகத்தோடு உங்கள் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிடுவேன். இரண்டு பக்கம் படிப்பதற்குள் வானொலியோடு நீங்கள் பேசும் பேச்சு இழுத்துவிடும். காலையில் மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சிக்கு என்ன மருந்து என்று ஒரு நிகழ்ச்சி. அப்புறம் செய்தி. அதற்கப்புறம் ஒரு மருத்துவர் எல்லாரும் தினமும் நடக்க வேண்டும் என்பார். "நான் ஒக்காந்த எடத்துலயே சேலம் வரைக்கும் மிதிச்சிருக்கேன் டாக்டர்" என்று அவருக்குப் பதில் சொல்வீர்கள். மத்தியானம் நாடகம். அதில் வரும் மாமியாரை நீங்கள் திட்டுகிற திட்டில் வெளியே போகிறவர்கள் நின்று எட்டிப்பார்ப்பார்கள். சாயங்காலம் விலைவாசி பற்றி நாலு பேர் விவாதம். ஐந்தாவது ஆளாக நீங்கள்.

ஒருநாள் கடலைப் பற்றி ஒரு பேராசிரியர் பேசினார். மெஷின் நின்றுவிட்டது. நீங்கள் அதுவரை கடல் பார்த்ததில்லை. உரை முடிந்த பிறகும் ஊசியைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தீர்கள். "தண்ணிக்கு அடியில மலை இருக்குதாம் பாப்பா. நம்ம சித்தேரி மலையாட்டம். மேல கப்பல் போறவனுக்கு அது தெரியவே தெரியாதாம்."

நிகழ்ச்சிகளைப் பற்றி நீங்கள் விடாமல் எழுதிப்போட்ட கார்டுகளைப் பார்த்துத்தான் வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். மகளிர் நிகழ்ச்சியில் தையல் தொழில் பற்றி ஒரு சிற்றுரை. கடையில் இருந்த எனக்கே கால் தரையில் நிற்கவில்லை. நீங்களோ போனில், "தையல் வேண்டாம் மேடம். ஒரு நாள் முழுக்க ரேடியோவுல நான் என்னென்ன கேக்கறேன்னு பேசறனே" என்றீர்கள்.

"தையல்காரங்க தையலைப் பத்திப் பேசினாத்தாங்க கேக்கறவங்களுக்குப் பிரயோஜனம். இல்லன்னா நாங்க வேற யாரையாவது பாத்துக்கறோம்."

"பாருங்க மேடம். தைக்கறத ஊரே பாக்குது. நான் என்ன கேக்கறேன், என்ன நெனக்கறேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

போனை வைத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினீர்கள். உங்கள் குரல் காற்றில் வர வேண்டும் என்று எத்தனை வருட ஆசை என்பது எனக்குத் தெரியும். "தையலையே பேசிட்டு வந்துரலாமேக்கா" என்றேன். "அதுக்கு என் மெஷினையே அனுப்பி வெக்கலாமே" என்றீர்கள். அடுத்த சில நாட்கள் வானொலி தன் போக்கில் பேசிக்கொண்டிருந்தது. நீங்கள் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. நாடகத்து மாமியார்கூடத் தப்பித்தாள்.

பிறகு அவர்களே கூப்பிட்டார்கள். நீங்கள் சொன்னதையே எழுதி எடுத்து வாருங்கள், பார்க்கலாம் என்றார்கள். பதிவின்போது தாள் சரசரக்கக் கூடாது என்று சொன்னதை நீங்கள் உங்கள் வழியில் எடுத்துக்கொண்டீர்கள். சட்டைக் காலருக்குள் வைக்கும் கேன்வாஸ் துணியில் முழு உரையையும் பேனாவால் எழுதிவிட்டீர்கள். தருமபுரி வானொலி நிலையத்தில், போனில் பேசிய அந்த அம்மா அதை விரித்துப் பார்த்து, "இது பேச்சா, சட்டையாங்க?" என்று சிரித்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றது. ஒரு வரியும் அடிக்காமல் உங்களைப் பதிவு அறைக்குள் அனுப்பினார்.

ஒலிபரப்பான அன்று கடையில் நிற்க இடமில்லை. அன்று பாட்டு வைக்கச் சொன்ன அந்தப் பெண்ணும் வந்து, "உஸ்ஸ், பேச்ச கேளுங்கடி" என்று மற்றவர்களை அடக்கினாள். நீங்கள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் குரல் சொன்னது: "எனக்கு நெலமில்ல. மாவுப்பூச்சி மருந்து எனக்கு எதுக்குன்னு கேக்கறாங்க. எனக்குன்னு தனியா எதுவும் வர்றதில்லைங்க. அதனால வர்றதெல்லாம் எனக்குத்தான்னு வெச்சுக்கிட்டேன்."

நான் நிறையப் படிக்கிறவள் அக்கா. வாசிப்பைப் பற்றி இதைவிடச் சரியான வாக்கியத்தை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

போன வருடம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை.

இந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் மகளிர் தின விழா. "லேடீஸ் ஸ்டாஃப்தானே, கோலப் போட்டிக்கு ஜட்ஜா இருந்துருங்க" என்றார் மேலாளர். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். உங்களுக்குத் தெரியும். "கோலம் வேண்டாங்க சார். நான் பேசறேன்" என்றேன்.

"எதைப் பத்திம்மா?"

"பாலைவனத்தைப் பத்தி."

அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

விழா அன்று மைக் முன்னால் போய் நின்றேன். மணல் மேடுகள் ஊர்ந்து நகர்வதைச் சொன்னேன். இரவில் அங்கே குளிரும் என்று சொன்னேன். சிலர் போனைப் பார்த்தார்கள். முடித்து உட்காரப் போகும்போது, அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மா பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

"ஏம்மா, அங்க இருக்கறவங்க தண்ணிக்கு என்ன பண்ணுவாங்க?"

மறுபடியும் மைக்கைப் பிடித்தேன், அக்கா. அவருக்காகப் பேச ஆரம்பித்தேன்.