தாலி நேரத்தில் நின்ற டிஸ்க்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் தீய்க்கிறது. கடை ஃபேன் சுற்றுவது பெயருக்கு. அடி அண்ணாமலை செல்வி அக்கா மகள் கல்யாண வீடியோ, மூன்று மணி நேரம். ஒரே டிவிடி டிஸ்க்கில் வேண்டுமாம். சாதா டிஸ்க்கில் பாதிதான் கொள்ளும். திணித்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக. ஆகவே டூயல் லேயர்: ஒரே டிஸ்க்கில் இரண்டு அடுக்கு. ஸ்டூடியோ முதலாளி பாயை இந்த டிஸ்க் வாங்க வைத்ததே நான்தான். முழு வேகத்தில் எழுதினேன். கம்ப்யூட்டரில் ஓடியது. மாலையில் வாங்கிப் போய்விட்டார்கள்.

பைக் முன் டயரில் காற்று இல்லை.

ஜூன் 4, புதன்

அக்கா போன். "இன்னா தம்பி, மாப்ள தாலிய கைல எடுக்கறான், அப்படியே நின்னுக்குது! எங்க வூட்டுக்காரரு காலைலேர்ந்து டிவி எதிர்லயே உக்காந்துனு இருக்காரு."

அவருக்குப் பக்கவாதம். மண்டபத்துக்குத் தூக்கி வர முடியவில்லை. மகளுக்குத் தாலி ஏறியதை இன்னும் பார்க்கவில்லை. செல்போனில் காட்டினால் கண்ணுக்குப் பிடிபடவில்லையாம். பழைய டிவி, பழைய பிளேயர், பென் டிரைவ் சொருக இடம் கிடையாது.

முதல் அடுக்கு முடிந்து அடுத்ததற்குத் தாவும் இடம் சரியாகத் தாலியில் விழுந்திருக்கிறது. நான் பார்க்கவே இல்லை. என் தப்பு. முழுக்க.

பாய்: "அவங்க பிளேயர் டப்பாடா. புதுசு வாங்கச் சொல்லு."

"டிஸ்க்க மாத்தித் தரேன் பாய்."

"ரெண்டா குடுத்துடாத. கல்யாணத்த ரெண்டா உடைச்சிட்டாங்கன்னு சண்டைக்கு வருவாங்க. நான் முன்னயே பட்டுருக்கேன்."

ஜூன் 5, வியாழன்

மறுபடி டூயல் லேயர். மிக மெதுவாக எழுதினேன். தாவும் இடத்தைப் பந்திக்குத் தள்ளினேன். சாம்பார் ஊற்றும்போது நின்றால் யாருக்கும் வலிக்காது. கடை பிளேயரில் சுத்தமாக ஓடியது. நேரே அடி அண்ணாமலை, அக்கா வீடு. அவர்கள் பிளேயர் டிஸ்க்கே இல்லை என்கிறது. மூன்று முறை போட்டேன். அக்கா வீட்டுக்காரர் ரிமோட்டை மடியிலேயே வைத்திருந்தார்.

முடிவு: நம் கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்க டூயல் லேயர் ஆகட்டும். ஊரார் வீட்டு பிளேயருக்கு லாயக்கில்லை. யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

அம்மாவுக்கு மாத்திரை வாங்க மறந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

"சாதா டிஸ்க், ரெண்டு" என்றேன் பாயிடம்.

"அப்ப என் கடை பேர் போடாத. நாளைக்கு எவன் திட்டினாலும் உன்னத்தான் திட்டணும்."

"சரி பாய்." கவர் மேல் மார்க்கரில் என் பெயரைப் பெரிதாக எழுதினேன். செல் நம்பரும்.

அடி அண்ணாமலையில் செல்வி அக்கா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டா?"

"ஒண்ணுல கல்யாணம். இன்னொண்ணுல சோறு."

"அப்ப சரி, போடு."

ஓடியது. நலங்கு, மாலை, கெட்டிமேளம். அக்கா உள்ளே ஓடி, ஒரு பிடி மஞ்சள் அரிசி கொண்டுவந்து அவருடைய நல்ல கையில் வைத்தார். தாலி ஏறியது. கை மெதுவாகத்தான் எழுந்தது. அரிசி டிவி வரை போகவில்லை, பாதி மடியில், பாதி என் மேல்.

அவர் வாய் கோணியபடி ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அக்காதான் சொன்னார்: "இன்னொரு வாட்டி போடச் சொல்றாரு. அரிசி பொண்ணு மேல உழலயாம்."