கதை அப்பா, வூட்டு அப்பா

என் தோழிக்கு,

இன்று காலை மாதிரி வினாத்தாள் கட்டைப் பிரித்ததும் அச்சு மை வாசனை முகத்தில் அடித்தது. நீ இருந்திருந்தால் முதல் தாளை மூக்கருகே வைத்து, "புதுத்துணி வாசன வருதும்மா, உள்ள இன்னா கிழிசல் கீதோ" என்று சிரித்திருப்பாய். கூடச் சிரிக்க ஆளில்லாமல் நானே எண்ணி, நானே வகுப்புக்கு எடுத்துப் போனேன். மூன்றாம் வகுப்புக்கு வாசிப்பிலும் கணக்கிலும் எல்லாப் பள்ளிக்கும் ஒரே தேர்வு, வரும் புதன்கிழமை.

இந்தத் தேர்வு முதன்முதலில் வந்தபோது மூன்றாம் வகுப்பு உன் கையில் இருந்தது. நான் நாலாம் வகுப்பு. நடுவே ஒரு தட்டிதான், நீ பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். மண்ணூர்ப் பக்கத்து நம் பள்ளிக்குச் சுற்றுச்சுவரே கம்பெனிச் சுவர்தான். கணக்கில் பிள்ளைகளுக்குப் பயமில்லை, அப்பாவின் ஓவர்டைம் சம்பளக் கணக்கை வீட்டில் கேட்டே வளர்ந்தவர்கள். மாதிரித் தாளில் வாசிப்பில்தான் இடித்தது. "அப்பா காலையில் வேலைக்குப் போனார். மாலையில் வீடு திரும்பினார். அப்பா எப்போது வீடு திரும்பினார்?" பாதி வகுப்பு "காலையில்" என்பதற்கான வட்டத்தைக் கருப்பாக்கி வைத்திருந்தது.

பார்வையிட வந்த அதிகாரி தாளைத் தூக்கிக் காட்டி, "வாசிக்கவே தெரியலியே டீச்சர்" என்றார். நீ பென்னலூரிலிருந்து வரும் மகாவை எழுப்பி வாசிக்கச் சொன்னாய். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"அப்புறம் ஏன்டி காலையிலன்னு போட்ட?"

"எங்கப்பாவுக்கு நைட் ஷிப்ட் டீச்சர். காலையிலதான் வூட்டுக்கு வரும்."

அவர் சிரிக்கவில்லை. "திருத்தற மெஷினுக்கு ஷிப்ட்டெல்லாம் தெரியாதும்மா. இந்த மாதிரி பசங்கள பரீட்சை அன்னிக்கு வீட்லயே இருக்கச் சொல்லிடுங்க. இல்லன்னா ஸ்கூலுக்குத்தான் கெட்ட பேரு."

தட்டிக்கு இந்தப் பக்கம் நான் என் வகுப்புக்கு வாயில் விரல் வைத்துக் காட்டினேன். உன் குரல் நடுங்கவில்லை. "வான்னு சொல்லத்தான் சார் எங்களுக்குச் சம்பளம். வராதன்னு சொல்லமாட்டேன்."

அவர் போனதும் நீ பிள்ளைகளைத் திட்டுவாய் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், பலகையில் இரண்டு ஆளை வரைந்துகொண்டிருந்தாய். இரண்டும் கத்தரிக்காய் மாதிரிதான் இருந்தன. "இது கதை அப்பா, இது வூட்டு அப்பா. தாள்ல கேக்கறது யார?"

"கதை அப்பாவ!"

"அப்ப வூட்டு அப்பா?"

"தூங்கினு கீறாரு டீச்சர்!"

"எழுப்பாதீங்க, பாவம். கதை அப்பாவப் பாத்து எழுதுங்க."

அன்றைக்கு எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது உன் மகள் யாழினி. அப்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, தன் வகுப்பு முடிந்ததும் உன் வகுப்பில் வந்து உட்கார்ந்துவிடுவாள். "நம்ம புள்ளைய நம்ம ஸ்கூல்ல சேக்கலன்னா ஊரு எப்படிம்மா நம்பும்?" என்று கேட்டவள் ஆயிற்றே நீ.

இந்த ஆடியில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் வகுப்பு எனக்கு வந்தது. யாழினி இப்போது மூன்றாம் வகுப்பு, முன் பெஞ்சில் இருக்கிறாள். பேசுகிறாள், சாப்பிடுகிறாள், ஆனால் எழுதுவதில்லை. பென்சிலைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருப்பாள். நேற்று அதே அதிகாரி போன் செய்தார். "அந்தப் பொண்ணுக்குப் புதன்கிழமை லீவு குடுத்துடுங்க டீச்சர். அதுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உன் வாய் எனக்கு ஏதடி?

இன்றைய தாளில் நாலாவது கேள்வி. "அம்மா காலையில் சந்தைக்குப் போனார். மாலையில் வீடு திரும்பினார். அம்மா எப்போது வீடு திரும்பினார்?"

எந்தப் புண்ணியவான் எழுதிய கேள்வியோ! தாளைப் பிடுங்கிவிடலாம் என்று கை நீண்டுவிட்டது. அதற்குள் யாழினியின் விரல் அந்த வரிக்கு வந்துவிட்டது. எழுத்து எழுத்தாக நகர்ந்து "திரும்பினார்" என்பதில் நின்றது. வகுப்பு முழுக்கத் தாள் புரட்டுகிறது, இவள் விரல் மட்டும் அசையவில்லை. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், இது கதை அம்மாதான?"

"ஆமாண்டி கண்ணு. கதை அம்மாதான்."

குனிந்தாள். "மாலையில்" என்பதற்கான வட்டத்தைக் கோடு தாண்டாமல் மெல்லக் கருப்பாக்கினாள். அடுத்த கேள்விக்குத் தானே போனாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியம் அதிகாரிக்கு நானே போன் போட்டேன். "எல்லாரும் எழுதுவாங்க சார். யாழினியும் எழுதும்." என் குரல் நடுங்கத்தான் செய்தது, இருக்கட்டுமே. மதிப்பெண் எப்படி வருமோ, யார் என்ன கேட்பார்களோ, தெரியாது. புதன்கிழமைவரை தினமும் பலகையில் உன் இரண்டு கத்தரிக்காய்களையும் வரையப் போகிறேன்.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேனே தவிர, கதை வேறு, வீடு வேறு என்கிற அந்தப் பாடம் எனக்கு இன்னும் வரவில்லையடி. மாலை மணி அடித்தால் நீ ஸ்கூட்டி நிறுத்துகிற இடத்துக்குப் போய் நின்றுவிடுகிறேன். இன்றும் நின்றேன். யாழினிதான் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க டீச்சர், வூட்டுக்குப் போலாம். கம்பெனி ஷிப்ட் பஸ்ஸெல்லாம் வந்துட்டா ரோட்டத் தாண்ட முடியாது."