திரும்பப் பார்க்காமல் எடுத்த வேலை

இன்று காலை மேசை இழுப்பறையைத் துடைக்கையில் இரண்டு பித்தளைச் சாவிகள் கையில் தட்டுப்பட்டன. அவை எதற்கென்று நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், நாம் ஒன்றாக வேலை பார்த்த நந்தனம் அலுவலகம். இரண்டு பிராசஸர் உள்ள கம்ப்யூட்டருக்கு இயங்குதளம் எழுதிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பிராசஸருக்கும் வேலைகளின் வரிசை ஒன்று, வரிசைக்கொரு பூட்டு; பூட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த வரிசையைத் தொடலாம். ஒன்று சும்மா இருந்தால் மற்றதன் வேலையை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு இரண்டு பூட்டும் கையில் வேண்டும். ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதற்குக் காத்திருந்தால் இரண்டும் நின்றுவிடும். அதனால் யாராக இருந்தாலும் முதல் பூட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று நீ விதி வைத்தாய். புரோகிராமில் அந்தப் பகுதியை எழுதியவன் நான்.

ஒருநாள் காலை வாடிக்கையாளர் கண்முன்னாலேயே கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. மத்தியானம் காரணத்தைத் தேடி, நம் வழக்கப்படி ஆளுக்கொரு பிராசஸராக உட்கார்ந்தோம்: நீ முதலாவது, நான் இரண்டாவது. இழுப்பறைச் சாவிகள்தான் பூட்டுகள், தாள்கள்தான் வேலைகள். உன் குவியலில் ஒரு தாளைக் கண்ணால் குறித்துக்கொண்டு, விதிப்படி என் சாவியைக் கீழே வைத்துவிட்டு உன்னுடையதற்குக் காத்திருந்தேன். அதற்குள் நீ அதே தாளை எடுத்து வேலையைத் தொடங்கிவிட்டு, அப்புறம்தான் சாவியைத் தந்தாய். நானோ எதையும் பார்க்காமல் அதே தாளை இழுத்தேன். ஒரே வேலை, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில். கம்ப்யூட்டர் உறைந்தது அதனால்தான்.

“இன்னா மச்சி, பூட்ட உட்டேன்னா திரும்பப் பாக்க வேணாவா?” என்றாய். தலையில் அடித்துக்கொண்டேன்.

யார் எழுதியது என்று மேலாளர் கேட்டபோது, என் வேலை நிரந்தரமாக ஒரு வாரம்தான் பாக்கி. நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்: “நான்தான் சார்.” கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்பவிருந்தவர்கள் பட்டியலில் உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போட்டார்கள். போனேன். வெட்கமில்லாமல் போனேன். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, “என்ன திட்டுறதோட உட்ருவாங்க, உன்ன வூட்டுக்கே அனுப்பிடுவாங்க மச்சி” என்று சிரித்தாய்.

போன மாதம், நீ போன துக்கம் கேட்கப் பட்டினப்பாக்கத்தில் உன் வீட்டுக்கு வந்தேன். “ஏதோ தப்பா எழுதிட்டேன், அதான் வெளிநாடு போவ முடியலன்னு சொல்லிக்கினே இருப்பாருண்ணா” என்றார் உன் மனைவி. வீட்டில்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டு, இவர் சொல்வதை நீயும் கேள் என்றார்.

முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். உன் மூக்கு, உன் நெற்றி அவனுக்கு. எல்லாம் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தபடி, “அத வெச்சி எங்கப்பாவ ரொம்ப கிண்டல் பண்ணிக்கீறேன் அங்கிள்” என்றான்.

எனக்கு வர வேண்டிய அந்தக் கிண்டலைத்தான் இப்போது சுமந்துகொண்டிருக்கிறேன்.